வாந்தி எடுக்கக் கூடாத பயணம்

ஐம்பத்தெட்டு வயதுக்குள் இராக்கம்மா யாரிடமும் ஒரு தரம்கூட மாட்டேன் என்று சொன்னதில்லை. வேலை ஏவும் கங்காணி போ என்றால் போவாள், எழுந்திரு என்றால் எழுந்திருப்பாள். இலங்கையில் பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் நாற்பது வருசம் கொழுந்து பறித்துப் பழகிப்போன உடம்பு. பஸ் ஒன்றுதான் அவளுக்கு ஆகாது. ஏறி நாலு வளைவு தாண்டினால் குடலே வாய்க்கு வந்துவிடும்.

பதுளை ஆஸ்பத்திரியில் இடது கண்ணுக்கு ஆபரேஷன் முடிந்து, கட்டோடு அன்று வீடு திரும்ப வேண்டும். மகன் கொழும்பில், துணைக்கு ஆளில்லை. வலது கண்ணிலோ பாதிப் பார்வைதான்.

"வாந்தி மட்டும் எடுத்துராதீங்க," என்றாள் தாதி நஸ்மியா. "முக்கினா தையல் விட்டுரும். அப்புறம் அந்தக் கண்ணு இல்ல."

"ஐயோ, பஸ்ஸுல ஏறுனாலே வருமேம்மா!"

"விண்வெளிக்குப் போறவங்களே மொத ரெண்டு மூணு நாளு வாந்தி எடுக்கிறாங்க. காது ஒன்னு சொல்லும், கண்ணு ஒன்னு சொல்லும், மூளை குழம்பிரும். தலைய அசைக்காம இருந்துதான் சமாளிப்பாங்களாம். நீங்களும் இந்தக் குளிசைய முழுங்கிட்டு முன்னுக்கு உக்காந்து ரோட்டையே பாருங்க."

வருசக்கணக்கில் பயிற்சி எடுத்தவர்களுக்கே அந்தக் கதி என்றால் தன் கதி என்ன? இராக்கம்மா குளிசையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள்.

பஸ்ஸில் முன்னால் காலியாக இருந்தது ஒரே சீட்டு, மதகுருமாருக்கு ஒதுக்கியது. எத்தனை நெரிசலிலும் மற்றவர்கள் அதைத் தொடமாட்டார்கள். அவள் உட்கார்ந்தாள்.

"அம்மா, அது சாமிமாரு சீட்டு. பின்னுக்குப் போங்க," என்றான் கண்டக்டர் நிஷாந்த்.

எழுந்து கடைசிச் சீட்டுக்குப் போனாள்.

மூன்றாம் வளைவிலேயே வாயில் எச்சில் ஊறியது. கட்டுக்குள் கண் விண்விண் என்று தெறித்தது. போச்சு, எல்லாம் போச்சு என்று உள்ளுக்குள் அலறினாள். ஒருமுறை குமட்டியதும், எங்கிருந்து வந்ததோ அந்தத் துணிச்சல், கம்பியைப் பிடித்துப் பிடித்து முன்னால் வந்து அதே சீட்டில் விழுந்தாள்.

"சொன்னேன்லம்மா..."

"எனக்குக் கண்ணு வேணும் தம்பி. வாந்தி எடுத்தா போயிரும்னு சொல்லிட்டாங்க. எந்திரிக்க மாட்டேன்."

நிஷாந்த் கண் கட்டைப் பார்த்துவிட்டு டிக்கெட் கொடுக்க நகர்ந்தான்.

பஸ் அடுத்த ஹோல்ட்டில் நின்றதும் வயதான பௌத்த பிக்கு ஒருவர் ஏறினார். பஸ்ஸே இராக்கம்மாவைப் பார்த்தது. பாவம் வந்து சேருமோ என்று பயந்தாள். கால்கள் பழக்கதோஷத்தில் எழப் பார்த்தன. முன்கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். தலையைத் திருப்பாமல் வளைந்து வரும் ரோட்டையே பார்த்தாள்.

பசறை வரும்வரை பிக்கு நின்றுகொண்டே வந்தார். இராக்கம்மா எழுந்திருக்கவில்லை.