மகளின் இரத்தத்தில் ஒரு நம்பர்

போன கிழமை வவுனியாவில் மகளின் இரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை வாங்கினேன். இருக்க வேண்டிய அளவை ஓரத்தில் அச்சடித்திருந்தார்கள். அவளுடையது அதைவிடப் பல மடங்கு. ஓமந்தை தாண்டி வீடு வரும்வரை மோட்டார் சைக்கிளை நானா ஓட்டினேன்? பயம்தான் ஓட்டியது.

அவளுக்கு ஏழு வயது. தோலில் சொறிய வைக்கும் கடி, விடியத் தும்மல் — அவ்வளவுதான். ஆனால் அவளுடைய அண்ணனுக்கு ஆஸ்துமா. மார்கழிப் பனியில் அவன் மூச்சுக்கு இழுபடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பவன் நான். இவளுக்கும் வந்துவிடுமா? எனக்கு வேண்டியது இந்த ஒரு பதில்தான்.

கூடியிருந்த சாமானின் பெயர் பிறபொருளெதிரி; ஒவ்வாமை இருந்தால் இரத்தத்தில் கூடுமாம். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவனுக்கு இது எங்கே தெரியும்? பெயரே மிரட்டியது. அன்றைக்கே நடவடிக்கை எடுத்தேன். முட்டை இல்லை. இறால் இல்லை. பால்மா இல்லை. பூனை... பஸ்ஸில் என்னோடு பயணம் செய்து, பளையில் மச்சான் வீட்டில் குடியேறிவிட்டது.

பிறகுதான் மனைவியும் நானும் மகளைக் கூட்டிக்கொண்டு டொக்டரிடம் போனோம். இளம் பெண். ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டுச் சும்மா மேசையில் வைத்தார்.

"இவளுக்கும் இழுப்பு வருமோ டொக்டர்?"

"இப்பவே சொல்லேலாது அண்ணை. இந்த நம்பர் ஒரு வருத்தமில்லை, நோயில்லை. சும்மா தூசையும் எதிரி எண்டு நினைச்சுப் பிள்ளையின்ர உடம்பு சண்டைக்கு நிக்குது போல. இப்பிடிக் கூடின கனபேருக்கு ஆஸ்துமா வாறேல்லை. வயித்தில பூச்சி இருந்தாலும் கூடும். என்ன சாப்பிட்டுப் பிள்ளைக்கு ஒத்துவரேல்லை?"

மனைவி முந்திக்கொண்டாள்.

"ஒண்டுமில்லை டொக்டர். இவர்தான் முட்டையை நிப்பாட்டினவர், றாலை நிப்பாட்டினவர், பூனையை நாடு கடத்தினவர். இவருக்கும் ஒருக்கா ரத்தம் எடுத்துப் பாருங்கோ... எதைக் கண்டாலும் பொங்குற உடம்பு!"

டொக்டர் சிரித்தார். "பிள்ளை எங்க படுக்கிறவா?"

"நெல்லு மூட்டைக்குப் பக்கத்தில," என்றேன்.

சிரிப்பு நின்றது.

எங்கள் காட்டோரத்தில் இது புதினமில்லை, வழமைதான். கொட்டிலில் நெல்லை வைத்தால் யானை மோப்பம் பிடித்து உடைக்கும். ஆள் படுக்கும் அறைக்குள் வைத்தால் கொஞ்சம் யோசிக்கும் என்று ஒரு நம்பிக்கை. அதனால் நெல்லும் நாங்களும் ஒரே அறையில். யானைக்குப் பயந்தேன், முட்டைக்குப் பயந்தேன், பாவம் பூனைக்கும் பயந்தேன். மகளின் மூக்குக்கு நேரே கிடந்த தூசுக்குப் பயப்படத் தோன்றவில்லை.

பயம் என்றால் கவனம் என்றுதானே என்னைப் போன்றவர்கள் நினைக்கிறோம்? இல்லை. இரண்டும் வேறு வேறு.

"சாப்பாட்டை நிப்பாட்டாதேங்கோ. மூட்டையை அறையால எடுங்கோ. மூச்சு இழுத்தா உடனே கொண்டு வாங்கோ," என்றார் டொக்டர். வரும் என்றும் சொல்லவில்லை, வராது என்றும் சொல்லவில்லை. என்னைப் போன்ற ஒருவனுக்கு இதைவிடக் கொடுமையான பதில் உண்டா?

ஞாயிற்றுக்கிழமை மூட்டைகளை வீட்டின் முன் ஹோலுக்கு மாற்றினோம். அறை முழுக்கத் தூசு. மகளை முற்றத்துக்கு அனுப்பியிருந்தேன். அங்கிருந்து ஒரு தும்மல் கேட்டது. தோளில் இருந்த மூட்டையை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். முழங்காலில் நின்று அவள் நெஞ்சில் காதை வைத்தேன். இழுக்கிறதா? இல்லையா?

அவள் என் தலையைத் தள்ளினாள்.

"எனக்கு ஒண்டுமில்லையப்பா. முதல்ல நீங்கள் மூச்சை விடுங்கோ!"