அக்கா வீட்டுக் கம்ப்யூட்டர்

எங்கள் கடைத்தெருவில் அவனுக்கு நிதானம் என்று பெயர். அவனுடையது கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை. பக்கத்தில் பிரிண்டர் மை விற்பவன் நான். கம்ப்யூட்டரின் மூளையான பிராசசரைப் போர்டில் உட்கார வைக்கும்போது மூச்சைக்கூட அளந்துதான் விடுவான். அதன் கால்களில் ஒன்று வளைந்தாலும் கதை முடிந்தது. அவசரப்படும் வாடிக்கையாளர்களை என் கடையில் கொண்டுவந்து உட்கார வைப்பான், என் உயிரை வாங்க.

அவனை வளர்த்தது அக்காதான். அவள் கணவர் போன வருடம் மாரடைப்பில் போய்விட்டார். மனிதர் ஒரு பூட்டுப் பைத்தியம். பிஸ்கட் டப்பாவுக்கே பூட்டுப் போட்டவர், கம்ப்யூட்டரை விடுவாரா? சமையலறையில் அக்காவை வம்புக்கு இழுத்துக்கொண்டே வீடியோ எடுப்பார். அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றியதும் போனிலிருந்து அழித்துவிடுவார். அவர் போனபின், சாயங்காலமானால் அக்கா சாப்பாட்டுத் தட்டோடு அந்தத் திரைமுன் உட்கார்ந்துவிடுவாள்.

மெஷினோ கிழடு. படம் நின்று நின்று ஓடும்.

“அவருக்கு வாயே மூடாதுடா. இதுல திக்கித் திக்கிப் பேசறாரு. பாக்க சகிக்கல,” என்றாள் தம்பியிடம்.

அவனுக்குப் பொறுக்கவில்லை. புதிய பிராசசர் வாங்கிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனான். முதலில் உள்ளதையெல்லாம் காப்பி எடுங்கள் என்று ஊருக்கெல்லாம் ஓதுகிறவன், வீடியோக்கள் இருக்கும் டிஸ்க்கைத் தொடப்போவதில்லையே என்று அதை விட்டுவிட்டான். மாற்றி ஆன் செய்ததும் திரையில் ஒரு கேள்வி வந்தது: பிராசசர் மாறியிருக்கிறது, பழைய சாவியை அழிக்கவா, வைக்கவா? கடையில் அடிக்கடி வரும் கேள்விதான். அங்கே பெரும்பாலும் பூட்டில்லாத டிஸ்க்குகள். பழக்கதோஷத்தில் விரல் ‘அழி’யை அழுத்திவிட்டது.

டிஸ்க்கின் பூட்டைத் திறக்கும் சாவி அதுதான் என்பது சாவி கேட்டு நீலத்திரை வந்த பிறகே உறைத்தது. ‘வை’ என்று சொல்லியிருந்தால், பழைய பிராசசரைத் திரும்பப் போட்டாவது மீட்டிருக்கலாம். இனி அதைத் திறக்க, பூட்டியபோது கம்ப்யூட்டர் கொடுத்த நாற்பத்தெட்டு இலக்க எண் வேண்டும். அதை அக்கா கணவர் எங்கே வைத்தாரோ, வீட்டையே புரட்டிப் போட்டும் கிடைக்கவில்லை.

என் கடையில் வந்து உட்கார்ந்து அழுதான். நிதானம் என்று அவனுக்குப் பெயர் வைத்தவன் நான். அதன்பிறகு அப்படிக் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை.

அக்கா முகத்தில் விழிக்க முடியாமல் அங்கே போவதையே நிறுத்திவிட்டான். அவளேதான் கூப்பிட்டு அனுப்பினாள். போனால், கம்ப்யூட்டரை ஆன் செய்து வைத்திருந்தாள். கல்யாணத் தேதி, அவர் வண்டி நம்பர், வேலையில் சேர்ந்த நாள் என்று அவள் சொல்லச் சொல்ல இவன் ஒன்றோடொன்று சேர்த்து அடித்தான். திறக்கவில்லை. வாராவாரம் இதே கதை. இப்படி ஊகித்துத் திறக்கவே முடியாது என்பது அவனுக்குத் தெரியும். ஆனாலும் அடித்தான்.

ஒருநாள் தாங்காமல் சொல்லிவிட்டான். “அக்கா, எத்தன வருஷம் அடிச்சாலும் இது திறக்காதுக்கா.”

“தெரியும்டா. மொத நாளே உன் மூஞ்சியப் பாத்து தெரிஞ்சுக்கிட்டேன்.”

பின்னே எதற்கு இதெல்லாம் என்று கேட்டான்.

“அவரு குரல் மறந்துக்கிட்டே வருது. வண்டி நம்பர ஒரு ராகம் போட்டுச் சொல்வாரு. அதச் சொல்றப்ப மட்டும் காதுல கொஞ்சம் கேக்கும். இந்த வாரம் அதுவும் சரியா கேக்கல. நீ அடி, இன்னொரு தடவ சொல்றேன்.”

அவன் விசைப்பலகையை இழுத்து வைத்துக்கொண்டான்.