நாத்தனார் மோதிரத்தில் நான் கண்ட குறை

புக்கிட் தெங்காவில் ஒரு தொழிற்சாலையில் பதினெட்டு வருடமாகத் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். நாள் முழுக்க மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து, சர்க்யூட் போர்டுகளில் குறை தேடுவதுதான் வேலை. குறை தெரிந்தால் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். என் கண்ணுக்கு எதுவும் தப்பாது என்று சூப்பர்வைசரே சொல்வார். அந்தப் பெருமைதான் என்னைக் கெடுத்தது.

எங்கள் இருபதாவது திருமண நாளுக்குக் கணவர் வைர மோதிரம் வாங்கித் தருவதாகச் சொன்னார். அன்றிலிருந்து கைப்பேசியும் கையுமாகத் திரிந்தேன். வட்ட வைரத்துக்குப் பட்டை தீட்டிய விதம்தான் உயிர். அதைக் கடைக்காரர்கள் கட்டிங் என்பார்கள். அடிப்பாகம் ரொம்ப ஆழமாக இருந்தால் கல்லின் நடுவே கறுத்துத் தெரியும். ஆழம் குறைந்தால் மங்கலாக ஒரு வெள்ளை வளையம், மீன் கண் மாதிரி. கடை விளக்கின் கீழே எந்தக் கல்லும் மின்னும், அதனால் வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் மெல்ல ஆட்டிப் பார்க்க வேண்டும். இத்தனையும் ஒரே வாரத்தில் மனப்பாடம்.

சனிக்கிழமை லிட்டில் இந்தியாவில் ஒரு நகைக்கடைக்குப் போனோம். கணவரின் தங்கை பட்டர்வொர்த்திலிருந்து பெர்ரிப் படகில் கடல் தாண்டி வந்து சேர்ந்துகொண்டாள். காலையில் மாவுக்குள் மசாலா வைத்து மடித்துக் கறிபாப் சுட்டு விற்கிறவள். அன்றைய வியாபாரத்தை முடித்துவிட்டு, கையைக் கழுவிய கையோடு வந்திருந்தாள். எனக்கு மோதிரம் வாங்குவதில் என்னைவிட அவளுக்குத்தான் குஷி.

கடைப் பெண் பொறுமையானவள். நான் கேட்ட சான்றிதழ்களை எல்லாம் எடுத்து வைத்தாள். முதல் கல்லில் நடு கறுப்பு என்றேன். இரண்டாவதை வாசலுக்குக் கொண்டுபோய், ஒரு பக்கம் உயிரே இல்லை என்றேன். மூன்றாவது கல் எப்படித் திருப்பினாலும் சமமாக மின்னியது, அதுதான் வேண்டும் என்றேன். அதற்குள் பக்கத்தில் நகை பார்த்துக்கொண்டிருந்த ஒரு தம்பதியும் எங்கள் பக்கம் திரும்பிவிட்டார்கள்.

"அக்காவுக்கு நல்லா தெரியுது லா," என்றார் அந்த அம்மா.

அதோடு நிறுத்தியிருக்கலாம். நல்ல கல்லுக்கும் மோசமான கல்லுக்கும் வித்தியாசம் காட்டுகிறேன் என்று நாத்தனாரின் கையைப் பிடித்து இழுத்து, அவள் விரலில் இருந்த மோதிரத்தை எல்லோருக்கும் காட்டினேன்.

"இதப் பாருங்க. நடுவுல மங்கலா வளையம் தெரியுதா? இதுதான் மீன் கண்ணு. கட்டிங் சரியில்ல. விளக்கு வெளிச்சத்துல யாரோ தலையில கட்டிட்டாங்க."

அது அவள் கணவர் தனியாகக் கடைக்குப் போய், அவளுக்குத் தெரியாமல் வாங்கி வந்த மோதிரம். எனக்கு அது தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

"எண்ணெய்யும் சோப்பும் படிஞ்சாக்கூட அப்படித் தெரியும்க்கா," என்றாள் கடைப் பெண், மெதுவாக. நான் காதில் வாங்கவில்லை. நாத்தனார் சிரித்தபடி கையை விடுவித்துக்கொண்டாள். கல்லை உள்ளங்கைப் பக்கம் திருப்பிவிட்டதை அப்போது பார்த்தேன். பார்த்தும் ஒன்றும் தோன்றவில்லை.

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்குச் சாப்பிடப் போனோம். பரிமாறும்போது அவள் விரலில் வேறு மோதிரம். கண்ணைப் பறித்தது.

"பழச அந்தக் கடையிலயே குடுத்துட்டு மாத்திட்டேன் அண்ணி," என்றாள்.

அவள் கணவர் மாக் மண்டினில் ஒரு பட்டறையில் வெல்டிங் வேலை செய்கிறவர். அதிகம் பேசமாட்டார். அன்று குழம்பை ஊற்றிக்கொண்டே சொன்னார்:

"எனக்கு அந்த அளவுக்குப் பார்க்கத் தெரியாதும்மா. நல்லா மின்னுச்சு, வாங்கிட்டேன். நீ சொல்லலைன்னா ஏமாந்ததே தெரிஞ்சிருக்காது."

நன்றி சொல்கிறார். அவர் ஆசையாய் வாங்கித் தந்ததை நான்தான் கழற்ற வைத்தேன். என் கணவர் என்னைப் பார்த்துவிட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டார்.

மறுநாள் வேலைக்கு லீவு போட்டுவிட்டு அதே கடைக்குப் போனேன். அந்தப் பழைய கல்லைத் திரும்ப வாங்க முடியுமா என்று கேட்டேன். கடைப் பெண்ணுக்கு உடனே ஞாபகம் வந்தது.

"அது போயிடுச்சுக்கா. வேற ஒருத்தங்க தோட்டுக்கு வாங்கிட்டாங்க." கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னாள்: "அந்த அக்கா தனியா கொண்டுவந்தப்போ கழுவிப் பார்த்தோம். அடியில மாவும் எண்ணெயும்தான் அப்பியிருந்துச்சு. வளையம் எல்லாம் இல்ல, நல்ல கல்லுதான். வச்சுக்குங்கன்னு அவங்ககிட்ட சொன்னேன். இல்லம்மா, எங்க அண்ணி பார்த்துச் சொன்னாங்கன்னுட்டாங்க."

பதினெட்டு வருட வேலையில் துடைக்காமல் ஒரு போர்டைக்கூட நான் சோதித்ததில்லை. தூசியைப் பழுது என்று எழுதிவிடக் கூடாது என்று புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதே நான்தான்.

அங்கிருந்து நேராகப் பெர்ரி ஏறினேன். நாத்தனார் அடுப்படியில் கறிபாப் ஓரங்களை மடித்துக்கொண்டிருந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கல்லில் குறை இல்லை, நான் சொன்னது தப்பு, திரும்ப வாங்கப் போனேன், கிடைக்கவில்லை.

"தெரியும் அண்ணி. அந்தப் பொண்ணு சொல்லுச்சு," என்றாள். விரல்கள் நிற்கவில்லை.

"அப்புறம் ஏன் மாத்தின?"

"கழுவிக் குடுத்தாங்க. பளிச்சுன்னுதான் இருந்துச்சு. ஆனா போட்டுப் பார்த்தா, அன்னைக்கு எல்லார் முன்னாடியும் நீங்க என் கையைத் தூக்கிக் காட்டினதுதான் ஞாபகம் வந்துச்சு. அத எப்படிக் கழுவுறது?"

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். மன்னிச்சிடு என்றேன். ம் என்றாள்.

"உன் வீட்டுக்காரர்கிட்ட நானே சொல்லிடறேன். அவர் ஏமாறலன்னு தெரியட்டும்."

"வேணாம் அண்ணி. புதுச நினைச்சு இப்பதான் சந்தோஷமா இருக்காரு. நல்ல கல்லப் போய்க் குடுத்துட்டோம்னு தெரிஞ்சா மனசு விட்டுருவாரு."

அதனால் சொல்லவில்லை. இன்றுவரை அவருக்குத் தெரிந்தவர்கள் யாராவது நகை வாங்கப் போனால், என்னைக் கூட்டிப் போகச் சொல்லி அனுப்புகிறார். எனக்கு வேலை இருக்கிறது என்று ஏதாவது சொல்லித் தப்பித்துக்கொள்கிறேன்.