முகக்கவசத்துக்குள் வீங்கிய கன்னம்

லோகேஸ்வரி அக்கா இறந்துவிட்டார் என்ற செய்தி, நம் தொழிற்சாலையின் வாட்ஸ்அப் குழுவில், பேருந்து நேர மாற்ற அறிவிப்புக்குக் கீழே வந்து கிடந்தது. பல்லில் பிடித்த சீழ் கழுத்துக்கு இறங்கி, ஏற்கெனவே இருந்த சர்க்கரை நோயோடு சேர்ந்து, மருத்துவமனையில் சேர்த்த ஆறாம் நாள் அவரைக் கொண்டுபோய்விட்டது. "பல்லுக்கா?" என்று உங்களில் பலர் கேட்டீர்கள். அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அவருடைய ஷிப்ட் அட்டவணையைப் போட்டவள் நான்.

புக்கிட் மெர்தாஜாமில் விடியும் முன் பேருந்து ஏறி, கடல் பாலம் தாண்டித் தீவுக்கு வந்து, பன்னிரண்டு மணி நேரம் நின்று வேலை பார்த்தவர். கண் சொருகாமலிருக்க இடைவேளைதோறும் இனிப்புத் தூக்கலாக, நுரை பொங்க ஆற்றிய ஒரு தே தாரேக் பால்தேநீர். லாக்கரிலிருந்து ஒரு மிட்டாய். வீட்டில் சமைத்து முடித்ததும், பல் துலக்காமலே தூங்கிவிடுவதாக அவரே சொல்வார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஜார்ஜ் டவுனில் நான் பல் சுத்தம் செய்யப் போவது அவருக்கு வேடிக்கை.

"வலியே இல்லாம போறியா? காடிய வொர்க்‌ஷாப்ல விடுற மாதிரி பல்லுக்கும் சர்வீஸா லா?"

"நீங்களும் வாங்கக்கா."

"வலிச்சா வரேன்மா. வலிக்கவும் நேரம் வேணும்ல!"

சிரிக்கும்போது வாயைக் கையால் மூடிக்கொள்வார். கடைவாயில் பாதிப் பற்கள் இல்லை. பதினோரு ஆண்டு ஒருநாள்கூட விடுப்பு எடுக்காததற்காக, ஆண்டு விருந்தில் அவருக்குப் பரிசுக்கூடை கொடுத்ததும் நான்தான். அதில் இருந்தவை சாக்லேட், கிரீம் பிஸ்கட், சர்பத். எல்லோரும் கைதட்டினோம்.

போன மாதம் அவர் என் மேசைக்கு வந்தார். அரசாங்கப் பல் கிளினிக்கில் காலையிலேயே போய் எண் எடுக்க வேண்டும், ஒருநாள் விடுப்பு கொடு என்றார். அந்த வாரம் ஆடிட்.

"அது முடிஞ்சதும் போங்களேன்க்கா."

"சரிம்மா. பல்லு எங்க ஓடிப்போகப் போகுது?" கிராம்பை வாயில் அடக்கிக்கொண்டு திரும்பிப் போனார்.

நாம் வேலை பார்க்கும் தூசி புகாத அறையில், முகக்கவசத்துக்கு மேல் எல்லோருக்கும் கண்கள் மட்டுமே தெரியும். நான்கு நாள் அவரைக் கடந்து நடந்தேன். ஐந்தாம் நாள் அவர் முகக்கவசத்தைக் கழற்றியபோதுதான் பார்த்தேன்.

மருத்துவமனையில் அவரால் பேச முடியவில்லை. என்னைக் கண்டதும் பேனா கேட்டார். திட்டி எழுதப் போகிறார் என்று நினைத்தேன். திட்டினால் தேவலை என்றும் இருந்தது. ஒரு துண்டுத் தாளில் எழுதினார்: "டாக்டர் குடுத்த எம்.சி. லெட்டர் அனுப்பிட்டேன்மா. ஆப்சென்ட் போட்டுறாத."

அந்தத் தாள் என்னிடம் இருக்கிறது. அவர் என்னை மன்னித்துவிட்டார் என்று சொல்லிக்கொள்ள அதில் ஒரு சொல்லும் இல்லை. நான் தவறு செய்ததாக அவருக்குத் தோன்றவே இல்லை.