இடது கதவுச் சத்தம்

டாக்டர் ரங்கசாமி முதல் முறை என் ஷெட்டுக்கு வந்தபோது வண்டியை ஓட்டிக்கொண்டு வரவில்லை. பின்னாலிருந்து இரண்டு கூலியாட்கள் தள்ள, ஜன்னல் வழியாகக் கையை விட்டு ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி பக்கத்தில் நடந்து வந்தார்.

"ஏன் சார், ஸ்டார்ட் ஆவலையா?" என்று கேட்டேன்.

"ஸ்டார்ட்லாம் ஆவுது மேஸ்திரி. எனக்குத்தான் ஏறி உக்கார பயமா இருக்குது" என்றார்.

அப்போது சித்தூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் எனக்கு ஒரு சின்ன மெக்கானிக் ஷெட் இருந்தது. ஆந்திரா தனியாகப் பிரிந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. எல்லைப் பேச்சு மட்டும் ஓயவில்லை. டீக்கடையில் தினமும் யாராவது ஒருவர் எந்த தாலுகா எந்தப் பக்கம் என்று கை நீட்டிப் பிரித்துக்கொண்டிருப்பார்.

டாக்டர் என்னைத் தேடி வந்ததற்குக் காரணம், சந்திரையாவின் டாக்சியை நான் சரிசெய்ததாக அவர் கேள்விப்பட்டதுதான். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு அதில் ஒரு விஷயம் இருக்கிறது.

எல்லை தாண்டாத டாக்சி

சந்திரையா திருப்பதிக்காரர். மலையில் சாமி பார்த்துவிட்டு இறங்குகிறவர்களை மதராஸ்காரர்கள் கேட்டுக்கொண்டிருந்த திருத்தணிக்கும் அப்படியே கூட்டிப் போவார். ஊருக்குள் ஓடும்வரை வண்டி தங்கம். திருத்தணி சவாரி என்றால் மட்டும் புத்தூர் தாண்டியதும் இன்ஜின் இருமி இருமி நின்றுவிடும். கொஞ்ச நேரம் போட்டுவிட்டு செல்ஃப் அடித்தால் ஒன்றும் நடக்காததுபோல் கிளம்பும். சவாரி வந்தவர்களில் ஒருவர், "இந்த வண்டி ஆந்திராவுக்கு ஓட்டுப் போட்டுடுச்சிப்பா, அந்தப் பக்கம் வரமாட்டேங்குது" என்று சொல்லப்போக, அது ஊர் முழுக்கப் பரவிவிட்டது. திரும்பி வரும்போதும் வண்டி வழியில் நின்றதை மட்டும் யாரும் சொல்லவில்லை.

"ஏம் மேஸ்திரி, நிம்மகாயலு கட்டினேன், சூடம் சுத்தினேன். கார்புரேட்டர மூணு பேர் கழட்டிப் பாத்துட்டாங்க" என்று அழாத குறையாகச் சொன்னார். பானெட்டில் கட்டியிருந்த எலுமிச்சம்பழங்கள் இன்ஜின் சூட்டில் ஊறுகாய் ஆகியிருந்தன.

நான் பானெட்டைத் திறக்கவில்லை. வண்டியை ஓட்டிப்போய், நின்ற இடத்தில் பின்னால் போய் பெட்ரோல் டேங்க் மூடியைத் திருகினேன். 'ஸ்ஸ்' என்று காற்றை உள்ளே இழுத்தது. வண்டி உடனே ஸ்டார்ட் ஆனது. பழைய மூடி தொலைந்துபோய், சந்திரையா ஒரு தக்கையைச் செதுக்கி ரெக்சின் சுற்றி இறுக்கி அடித்திருந்தார். டேங்குக்குள் காற்று போனால்தான் பெட்ரோல் வெளியே வரும். தக்கையில் ஊசியால் ஒரு ஓட்டை போட்டேன். அவ்வளவுதான் வேலை. கொஞ்ச தூரம் ஓடி நிற்கிறது, ஆறப்போட்டால் கிளம்புகிறது என்று யாராவது வந்தால், எதையும் கழற்றுவதற்கு முன்னால் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள்.

டாக்டர் சொன்ன சத்தம்

டாக்டரும் அவர் மனைவி கனகம்மாவும் கார்வேட்டிநகரம் ரோட்டுக் கிராமங்களுக்கு வாரம் தவறாமல் போய் வந்தவர்கள். கனகம்மா பிரசவம் பார்க்கப் படித்த நர்ஸ். கிராமத்துப் பெண்களுக்கு அவர்தான் டாக்டரம்மா. டாக்டர், டாக்டரம்மாவை வண்டியில் கூட்டி வருகிறவர். மடியில் மருந்துப் பெட்டியோடு இடது பக்க முன்சீட்டில் உட்கார்ந்து கனகம்மா போவதை நானே பார்த்திருக்கிறேன்.

அந்த வருஷம் மாங்காய் சீசன் முடிவதற்குள் கனகம்மா போய்விட்டார். மத்தியானம் சாப்பிட்டு எழுந்தவர் அப்படியே சரிந்தாராம். பக்கத்திலேயே இருந்தும் டாக்டரால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

அதற்குப் பிறகுதான் வண்டியில் சத்தம். "கட கட கடன்னு சீட்டுக்கு அடியில அடிச்சிக்கினே வருது மேஸ்திரி. ஆக்சில் ஒடையப்போவுது. இத வெச்சிக்கினு நான் எப்படி ஊருக்குப் போறது?" என்றார்.

ஜாக்கி போட்டுத் தூக்கி வீல் பேரிங், கிங் பின், ஸ்பிரிங் ஷாக்கிள் எல்லாம் பார்த்தேன். எதிலும் ஆட்டம் இல்லை. டாக்டரை ஓட்டச் சொல்லி நான் பக்கத்தில் உட்கார்ந்து போனேன். சத்தம் இல்லை. நான் ஓட்ட, அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். அப்போதும் இல்லை. சரியாகிவிட்டது என்று அனுப்பினால் மறுநாள் வந்து நின்றார். "வூட்டுக்குப் போற வழியிலயே வந்துடுச்சிய்யா."

இப்படியே பல தடவை நடந்தது. "வண்டில ஒண்ணுமில்ல. அம்மா போனதுல பாவம் அவரு காதுலதான் சத்தம்" என்று பக்கத்து டிங்கரிங் கடைக்காரர் சொன்னார். எனக்கும் கிட்டத்தட்ட அப்படித்தான் தோன்றியது.

பிறகு ஒருநாள் வெங்கடேசன் என்ற விவசாயி ஷெட்டுக்கு வந்தார். டாக்டர் போய்வந்த கிராமங்களில் ஒன்றைச் சேர்ந்தவர். அவர் மனைவிக்கு வலி எடுத்து டாக்டரைக் கூப்பிட வந்தபோது, வண்டி சரியில்லை என்று டாக்டர் வரவில்லை. மாட்டு வண்டியில் போட்டு டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். வழியிலேயே பிறந்த குழந்தை தங்கவில்லை.

வெங்கடேசன் கோபமாகப் பேசவில்லை. அதுதான் என்னை வதைத்தது. டாக்டரின் காரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "சீக்கிரம் சரி பண்ணிக் குடு நைனா. எங்க ஊர்ல இன்னும் ரெண்டு பொண்ணுங்க முழுகாம இருக்கறாங்க" என்றார்.

பின்சீட்டில்

மறுநாள் காலை டாக்டரை வரச் சொன்னேன். "நீங்க ஓட்டுங்க சார். நான் பின்னாடி உக்காந்துக்கறேன்." முன்சீட்டில் உட்காராமல் அன்றுதான் முதல் தடவை போனேன்.

ஊர் எல்லை தாண்டி ஜல்லி ரோட்டில் வண்டி இறங்கியதும் ஆரம்பித்தது. கட கட கட. அவர் சொன்ன அதே சத்தம். கேட்டால் சீட்டுக்கு அடியிலிருந்து வருவதுபோலத்தான் இருந்தது. சத்தம் தகட்டில் ஓடும். காது காட்டும் இடத்தை நம்பக்கூடாது. கையால் தொட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஒவ்வொரு இடமாகத் தொட்டுக்கொண்டே வந்து, காலியாக இருந்த முன்சீட்டுக்கு மேலாகச் சாய்ந்து இடது கதவில் கை வைத்தேன். சத்தம் நின்றது. கையை எடுத்தேன். கட கட கட.

டாக்டர் வண்டியை ஓரம் கட்டினார்.

கதவைத் திறந்து பார்த்தேன். கீல் ஆணி தேய்ந்து கதவு தொங்கியிருந்தது. கதவு வந்து உட்காரும் ரப்பர் கட்டை இருந்த இடத்தில் ரப்பரே இல்லை. முன்சீட்டில் உட்கார்ந்து ஜன்னல் மேல் கையை ஊன்றிக்கொண்டால் கதவு ஆடாது. நானும் டாக்டரும் அப்படித்தான் கையை வைத்துக்கொண்டு சத்தம் எங்கே என்று தேடியிருக்கிறோம்.

"இது எத்தினி நாளா இப்பிடி இருக்குது?" என்று கேட்டார்.

"தேய்மானத்தப் பாத்தா ரொம்ப வருஷம் இருக்கும் சார்."

அவர் கதவின் உள்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜன்னலுக்குக் கீழே ஒரு கை அகலத்துக்கு ரெக்சின் வழவழவென்று தேய்ந்து நிறம் போயிருந்தது.

"அப்போ இவ்ளோ வருஷமும் அவ இதப் புடிச்சிக்கினே வந்திருக்கா."

தேய்ந்த இடத்தில் தன் கையை வைத்துப் பார்த்தார்.

"கடைசி மாசம் இடது தோள் வலிக்குதுன்னு சொல்லிக்கினே இருந்தா மேஸ்திரி. கையெல்லாம் இழுக்குதுன்னா. பெட்டி தூக்கற வலின்னு மாத்திரை குடுத்தேன். ஸ்டெத் வெச்சி நெஞ்சப் பாக்கணும்னு எனக்குத் தோணல. அவ போனதுக்கு அப்புறம், இதக்கூட கண்டுபுடிக்காதவன் இன்னொருத்தர் நாடியப் புடிக்கலாமான்னு..." கதவைக் காட்டி என்னைக் கேட்டார். "அந்த வலி இந்தக் கதவாலயா, நெஞ்சாலயா?"

கதவால்தான் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அவருக்கு ஆறுதலாக இருக்கும் என்றும் தெரிந்தது. ஆனால் அவர் டாக்டர், பொய்யைக் கண்டுபிடித்துவிடுவார்.

"தெரியல சார்" என்றேன்.

"எனக்கும் தெரியல" என்றார். ஸ்டீயரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதார். ஜல்லி ஏற்றிய வண்டி ஒன்று எங்களைக் கடந்து போனது. அதன் புழுதி அடங்கும்வரை நான் வெளியே நின்றுகொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு

புது ஆணி கடைந்து போட்டு, பழைய டயரிலிருந்து ரப்பர் வெட்டி வைத்தேன். கதவு சத்தமில்லாமல் உட்கார்ந்தது. தேய்ந்த ரெக்சினையும் மாற்றட்டுமா என்று கேட்டதற்கு, "மாத்திடு. அதப் பாத்துக்கினு என்னால ஓட்ட முடியாது" என்றார்.

வண்டியை எடுத்துக்கொண்டு அவர் நேராகப் போனது வெங்கடேசன் வீட்டுக்கு. அங்கே என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. வெங்கடேசனின் மனைவி டாக்டர் முகத்தைப் பார்க்கவில்லை என்று மட்டும் கேள்விப்பட்டேன். ஆனாலும் அடுத்த வாரத்திலிருந்து பழையபடி அந்த ரோட்டில் போய் வந்தார். பிரசவத்துக்கு அவரைப் பெண்கள் உள்ளே விடவில்லை. வாசலில் வண்டியோடு காத்திருந்து, சிக்கலானவர்களை ஏற்றிக்கொண்டு டவுனுக்கு வந்தார். வெங்கடேசன் சொன்ன அந்த இரண்டு பெண்களில் ஒருத்தி அப்படித்தான் பிழைத்தாள்.

எல்லை ஒருவழியாக முடிவானது. திருத்தணி மதராஸ் பக்கம் போனது. புத்தூர், நகரி இங்கேயே நின்றன. டாக்டருக்கு ஒரே மகள், திருத்தணியில் குடும்பமாக இருந்தாள். பார்வை மங்கிய பிறகு வண்டியை விற்றுவிட்டு அவளோடு போய்ச் சேர்ந்தார். பஸ் ஏறும் முன் ஷெட்டுக்கு வந்து கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்.

தொழில் செய்கிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது இதுதான். வண்டியில் புதிதாகச் சத்தம் வருகிறது என்று ஒருவர் வந்தால் ஸ்பானரை எடுக்காதீர்கள். இந்த வண்டியில் இத்தனை நாள் யார் உங்களோடு வந்தார்கள், இப்போது யார் வருவதில்லை என்று கேளுங்கள். பெரும்பாலானவர்கள் சிரித்துக்கொண்டே பதில் சொல்வார்கள். சிலர் உடனே சொல்லமாட்டார்கள். அவர்களை அவசரப்படுத்தாதீர்கள்.