மிடி வயரில் போகாத குரல்

இம்மானுவேலுக்குக் கோபம் வராது, பிடிவாதம் உண்டு. உசிலம்பட்டியில் எங்கள் சபைக்குக் கீபோர்டு வாசிப்பவன். பிழைப்புக்குச் சைக்கிள் கடை. அவன் வாசிக்க, அவன் மனைவி ராக்கம்மாள் பாடுவாள். சபைக்கு வந்த பிறகும் பேரை மாற்றிக்கொள்ளாதவள். அவள் பாடுகிறாள் என்றால் எழுமலையிலிருந்து ஆட்கள் டவுன் பஸ் ஏறி வருவார்கள்.

இரண்டாயிரத்து மூன்றில் அவளுக்குத் தொண்டையில் கட்டி. மதுரை டாக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். குரல்வளையை எடுத்தால் உயிர் தங்கும், குரல் போய்விடும். அப்போதே அவளுக்குத் தொண்டை கரகரத்திருந்தது, ஆனால் சுருதி விலகவில்லை.

"ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முந்தி ஒரு பாட்டையாவது பிடிச்சு வைங்க" என்றாள். வேறெதுவும் அவள் கேட்கவில்லை.

நான் கேசட் கடைக்காரன். "டேப்புல பிடிச்சிருவோம்யா" என்றேன்.

"டேப்புன்னா இரையும்ண்ணே. கம்ப்யூட்டர்ல சுத்தமா விழும்" என்றான் இம்மானுவேல்.

சொன்னால் கேட்கிற ஆளா அவன்? பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி வந்தான். கீபோர்டையும் அதையும் மிடி என்கிற வயரால் இணைத்தான். ஒரு பாட்டை வாசித்துவிட்டுத் திரும்பப் போட்டான். யாரும் கட்டையைத் தொடாமலே கீபோர்டு அதே பாட்டை வாசித்தது. டேப் பேச்சை நான் அதோடு விட்டுவிட்டேன்.

சபையில் மைக், கீபோர்டு எல்லாமே ஒரே ஆம்ப்ளிஃபயரில்தான் போகும். அந்தப் பழக்கத்தில் வீட்டிலும் மைக்கையும் கீபோர்டையும் ஆம்ப்ளிஃபயரில் செருகினான். ஸ்பீக்கர் பெட்டியில் ஒன்றாகக் கேட்பது கம்ப்யூட்டரிலும் ஒன்றாக விழும் என்று நம்பினான். ராக்கம்மாள் முழுப்பாட்டும் பாடினாள். வாசலில் கார் நின்றது, அன்றே அட்மிட் ஆக வேண்டும். போட்டுக் கேட்க நேரமில்லை.

ஆபரேஷன் முடிந்து, கழுத்தைத் துணியால் மறைத்து அவள் வீடு வந்தாள். எங்களை உட்காரவைத்துப் பாட்டைப் போட்டான். கீபோர்டு மட்டும் வாசித்தது. குரல் வரவில்லை. ஒலியைக் கூட்டினான், வயரைப் பிடுங்கிச் செருகினான். ஒன்றும் நடக்கவில்லை. மதுரையில் விவரம் தெரிந்தவருக்கு நான் போன் போட்டேன். கம்ப்யூட்டருக்குப் போன அந்த மிடி வயரில் சத்தமே போகாதாம். எந்தக் கட்டையை எப்போது அழுத்தினோம் என்கிற சேதி மட்டும்தான் போகுமாம்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவனை நாலு அறை விடலாம் போலிருந்தது. அவன் முகத்தைப் பார்த்தேன், கை எழவில்லை.

"என் விரலுதான் தாயி இருக்கு. ஒன் கொரலு இல்ல. பாவி நான் கெடுத்துட்டேன்" என்று அழுதான்.

ராக்கம்மாள் அழவில்லை. மறுபடி போடச் சொல்லிக் கைகாட்டினாள். போட்டான். வரிக்கு வரி நடுவில் அவள் மூச்சு வாங்குவதற்காக அவன் விரல் காத்திருந்தது அதில் அப்படியே இருந்தது. அவள் பாட்டோடு சேர்ந்து வாயைத் திறந்தாள். அந்த இடங்களில் தானும் நின்று, சத்தமில்லாமல், ஒரு வரி பிசகாமல் பாடினாள்.

சபையில் அவன் எப்போதும் கட்டையைப் பார்த்துத்தான் வாசிப்பான். இப்போது அவன் கைக்கு வேலை இல்லை. பாட்டு முடியும்வரை அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.