மரச்சீனிப் பாட்டை எழுதியவன்

அந்தப் பாட்டை எழுதியவன் நான்தான். பழியைச் சுமந்தவன் அருளப்பன்.

பழி என்பது சளியைப் போல. கொஞ்ச நாள் இருந்துவிட்டுத் தானே இறங்கிவிடும் என்று நான் நம்பினேன். சிரிக்காதீர்கள்... உண்மையாகவே நம்பினேன்!

எல்லைப் போராட்டக் காலம். நெய்யாற்றின்கரைத் தாலுகாவைத் தமிழ்நாட்டோடு சேர்க்கச் சொல்லி ஊர்வலம் போனோம். வழியில் ஒரு கடையில் அவித்த மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் மணத்தன. ஊர்வலத்தில் பாதி அங்கேயே நின்றுவிட்டது. என் வாய் சும்மா இருக்குமா? தாலுகா கேரளத்தோடு நிற்கவேண்டும் என்ற எதிரணி நண்பர்கள் வாங்கித் தந்த பால் விடாத கட்டன்சாயாவின் உற்சாகத்தில், ஊர்வலம் மரச்சீனிக்கு நின்ற கதையை அப்படியே மலையாளத்தில் கேலிப்பாட்டாக்கி அவர்களிடம் கொடுத்தேன். பெயர் போடவில்லை. மறுநாள் குளத்தூர் முதல் பாறசாலை வரை பிள்ளைகள் வாயில் அதே பாட்டு!

ஊர்வலத்தை நடத்திய பொன்னையன் அண்ணன் நேரே என் வீட்டுக்கு வந்தார்.

“எலே, மலையாளத்துல இவ்வளவு திருத்தமா எழுதுகதுக்கு நம்ம கூட்டத்துல ஆருலே உண்டு? நீயா?”

“நானா? என் எழுத்து கோழி கிண்டினது போலயாக்கும் அண்ணே! ரெண்டு பாஷையிலயும் எழுதுகவன்... அருளப்பன் உண்டு.”

கேட்டீர்களா? எவ்வளவு சுலபமாக வந்தது!

அருளப்பன் கோட்டுகால் பக்கம் கடலுக்குப் போகும் வீட்டுப் பிள்ளை, என் நண்பன். பள்ளியில் படித்தது மலையாளம். ஆலயத்துச் செபங்களைக் கேட்டுக் கேட்டுத் தமிழைப் பிடித்துக்கொண்டவன். வலையைப் பற்றி அவன் எழுதியதைக் கேட்டால் நாவில் உப்புத் தட்டும். அடுத்து நடக்கவிருந்த எங்கள் பாறசாலைக் கூட்டத்தில்தான் அவன் முதன்முதலாகத் தமிழ் மேடை ஏறுவதாக இருந்தது. அது எனக்குத் தெரியாதா? தெரியும்!

மேடைப் படியிலேயே அவனை மறித்தார்கள்.

“கூட இருந்து காட்டிக்குடுத்த ஒற்றுகாரனுக்கு இஞ்ச என்னலே வேலை? போய் மரச்சீனி தின்னு!”

அவன் கண்கள் கூட்டத்தில் என்னைத் தேடிப் பிடித்தன.

“மக்கா, நீ ஒண்ணு சொல்லு. நான் அப்படி எழுதுவேனா?”

நான் குனிந்து செருப்பைத் தேடினேன். அது என் காலிலேயே கிடந்தது.

அடி விழும் என்ற பயமா? இல்லை, அவன் வாசித்துவிட்டால் என் பாட்டுகளின் தரம் ஊருக்குத் தெரிந்துவிடும் என்பதா...? இன்றும் எனக்குத் தீர்மானமில்லை. நீங்கள் இரண்டில் எதை எடுத்துக்கொண்டாலும் நான் மறுக்கப்போவதில்லை.

எல்லை கீறப்பட்டது. பாறசாலை கேரளத்தில் நின்றது. அருளப்பன் இன்று மலையாளத்தில் பெயர்பெற்ற கவிஞன். சந்தையில் கண்டால் “சுகமாலே?” என்று கேட்கிறான், நான் ஏதாவது வேடிக்கை சொல்லிச் சிரிக்கவைக்கிறேன். அந்தப் பாட்டைப் பற்றி அவன் கேட்டதில்லை. நான் சொன்னதில்லை.

அந்தக் கூட்டத்துக்குப் பிறகு அவன் தமிழில் ஒரு வரிகூட எழுதவில்லை.